முதல் தொப்பி வாங்குபவருக்கு

தொப்பி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கண்ணாடி முன்னால்தான் போய் நிற்கிறார்கள். வட்ட முகத்துக்கு இது எடுக்குமா, நீள முகத்துக்கு அது எடுக்குமா என்ற ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வாங்கிய வேகத்தில் அலமாரி மேல் ஏறிவிடும் தொப்பிகளில் அழகு குறைந்ததால் அங்கே போனவை கொஞ்சம்தான். மற்றவை நெற்றியை அழுத்தியிருக்கும், காற்றில் பறந்து மானத்தை வாங்கியிருக்கும், வெயிலில் தலையை வேகவைத்திருக்கும். முகத்துக்கு எடுக்காத தொப்பிகூட நாளாவட்டத்தில் பழகிவிடும். தலைக்குப் பொருந்தாதது பழகவே பழகாது.

அதனால் இங்கே வரிசை இப்படி: எதற்குத் தொப்பி, தலையின் சுற்றளவு, தலையின் வடிவம், அதன்பின் பொருள், கடைசியாகக் கண்ணாடி. பராமரிப்புக்குத் தனியே நீளமாக இடம் ஒதுக்கியிருக்கிறேன். தொப்பி கெட்டுப்போவது அநேகமாகத் தலையில் இருக்கும்போது அல்ல, கழற்றி வைத்த பிறகு.

பேசுவதற்கு நான்கு பெயர்கள் போதும். தலை உள்ளே போய் உட்காரும் பகுதியைக் கூடு என்போம். சுற்றிலும் நீண்டிருப்பது விளிம்பு. கூட்டின் உட்புறம், நெற்றியைத் தொட்டுக்கொண்டு சுற்றி வரும் தோல் அல்லது துணிப் பட்டை உள்பட்டை. வெளியே கூடும் விளிம்பும் சேரும் இடத்தில் ஓடுவது ரிப்பன். தோல் உள்பட்டை வைத்த தொப்பியில் பட்டையின் இரு முனைகள் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கும். அதுதான் பின்பக்கம். எது முன், எது பின் என்று குழம்பும்போது இதைத் தேடுங்கள்.

எதற்காகத் தொப்பி?

வெயிலுக்கு என்றால் விளிம்பின் அகலம்தான் முதல் கேள்வி. தோல் புற்றுநோய் மிகுந்த ஆஸ்திரேலியாவில் சட்டை, சன்ஸ்கிரீன், தொப்பி மூன்றையும் வலியுறுத்தி 1981-ல் ஒரு பிரசாரம் தொடங்கியது. அந்த நாட்டின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கான அகல விளிம்புத் தொப்பிக்குச் சுற்றிலும் குறைந்தது 7.5 செ.மீ. விளிம்பு வேண்டும். சரிந்து இறங்கும் விளிம்புள்ள பக்கெட் தொப்பிக்கு 6 செ.மீ. போதும். கிரிக்கெட், பேஸ்பால் வகை கேப் நெற்றிக்கும் மூக்குக்கும் நிழல் தரும், காதையும் பின்கழுத்தையும் அப்படியே வெயிலில் விட்டுவிடும். நாள் முழுக்க வெளியில் நிற்கிற வேலை என்றால் கேப் போதாது.

விளிம்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் நெசவு இழைவிட்டிருந்தால் பயன் பாதிதான். தொப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அதே வழியாக வெயிலும் இறங்கும். சில தொப்பிகளில் யூபிஎஃப் 50 என்று அச்சிட்டிருப்பார்கள். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், துணி வழியே உள்ளே வரும் என்று அதற்குப் பொருள். அது துணிக்கு மட்டுமான கணக்கு. தண்ணீரிலும் மணலிலும் பட்டுக் கீழிருந்து மேலே வரும் கதிரை எந்த விளிம்பும் தடுக்காது. கடற்கரைக்குப் போகும்போது தொப்பி இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

குளிருக்கு என்றால் பேச்சே வேண்டாம், காதை மூடுகிற கம்பளிப் பின்னல் தொப்பி. மழைக்கு மெழுகு பூசிய பருத்தி நல்லது. நல்ல ஃபெல்ட் தொப்பியும், அதாவது நெய்யாமல் மயிரை இறுக்கிச் செய்த தொப்பியும், தூறலைத் தாங்கும். பெட்டியில் மடித்துத் திணித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் பருத்தி பக்கெட் தொப்பியோ, நசுக்கினாலும் மீளும் என்று சொல்லி விற்கிற மென்மையான கம்பளி ஃபெல்ட்டோ எடுங்கள். ஒரே தொப்பி இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தலையை அளப்பது

தையல்காரர் வைத்திருக்கும் வளையும் டேப் போதும். அது இல்லாவிட்டால் இழுத்தால் நீளாத நூல் ஒன்றும் ஒரு ஸ்கேலும். முடியை வழக்கமாக எப்படி வாருகிறீர்களோ அப்படியே வாரிக்கொள்ளுங்கள். கொண்டை போடுபவர் தொப்பிக்குள் கொண்டையோடுதான் போகப்போகிறார் என்றால் கொண்டையோடே அளக்க வேண்டும்.

டேப்பை நெற்றியின் நடுவில் வையுங்கள், புருவத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு விரற்கடை தள்ளி. அங்கிருந்து காதுகளுக்குச் சற்று மேலாகப் பின்னால் கொண்டுபோனால் பின்மண்டையில் ஒரு புடைப்பு கைக்குத் தட்டுப்படும். டேப் அதன்மேல் ஏறிப் போக வேண்டும். பலர் அதற்குக் கீழே கழுத்துப் பக்கம் சரிய விட்டுவிடுவார்கள், அளவு குறைந்து வரும். டேப் தோலைத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதுதான் சரி. பெரிய தொப்பியைச் சிறியதாக்க ஒரு பட்டை ஸ்பாஞ்ச் போதும். சிறியதைப் பெரியதாக்குவது பாடு.

சென்டிமீட்டரில் வந்த எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள், மற்ற அளவு முறைகளெல்லாம் ஆளைக் குழப்பும். அமெரிக்க அளவு என்பது சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14-ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய தலையின் விட்டம். 57 செ.மீ. தலைக்குக் கணக்குப் போட்டால் 7.14 வரும். அதை 7 1/8 என்பார்கள். பிரிட்டிஷ் முறையில் அதே தலைக்கு 1/8 குறைத்து 7 என்று போடுவார்கள். ஆக, லண்டன் தொப்பியில் 7 சரியாக இருந்ததே என்று அமெரிக்கத் தொப்பியிலும் 7 கேட்டு வாங்கினால் ஒரு அளவு சிறியதாகத்தான் வந்து சேரும். ஒவ்வொரு 1/8-ம் சுற்றளவில் ஏறக்குறைய 1 செ.மீ. வித்தியாசம் என்று நினைவில் வைத்தால் மாற்றிக்கொள்வது எளிது. எம், எல் என்ற எழுத்துகளோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. அவற்றுக்கு எதிரே எத்தனை செ.மீ. என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாதவரிடம் கேளுங்கள்.

சுற்றளவு சரி, ஆனாலும் வலிக்கிறதே?

டேப் சுற்றளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. மேலிருந்து பார்த்தால் மனிதத் தலை முட்டை வடிவம். சிலருக்கு அந்த முட்டை நீண்டது, சிலருக்கு வட்டத்தை நெருங்கியது. தொழிற்சாலைத் தொப்பிகள் நடுத்தரமான ஒரு முட்டை வடிவத்தில் வருகின்றன.

போட்ட பத்து நிமிடத்தில் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தம், ஆனால் காதுக்கு மேலே பக்கவாட்டில் விரல் தாராளமாக நுழைகிறது என்றால் உங்கள் தலை தொப்பியைவிட நீளம். இதற்கு நேர்மாறாகப் பொட்டுப் பகுதிகளில் அழுத்தம், நெற்றியில் இடைவெளி என்றால் தலை வட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு அளவு பெரிதாக வாங்குபவர்கள்தான் அதிகம். அப்படி வாங்கினால் வலி போகும், கூடவே பிடிமானமும் போய்விடும். தெருமுனையில் காற்று திரும்பும் இடத்தில் தொப்பி தலையை விட்டுக் கிளம்பிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள், பெயர் கான்ஃபர்மேட்டர். பார்க்க ஒரு உயரத் தொப்பி மாதிரியே இருக்கும், சுற்றிலும் நகரும் கட்டைகள். தலையில் வைத்தால் கட்டைகள் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப விலகிக்கொள்ளும். மேலே ஒரு சின்ன அட்டையில் ஊசிகள் அந்த வடிவத்தைச் சுருக்கிக் குத்தித் தரும். அட்டையைப் பார்த்தால் மண்டை எவ்வளவு கோணல் என்பது தெரியும், கொஞ்சம் திடுக்கிடத்தான் வேண்டியிருக்கும். கையால் தொப்பி செய்கிற சிலர் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நமக்கு அந்த வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. சற்று விறைப்பான ஃபெல்ட் தொப்பியின் உள்பட்டைப் பகுதியில் நீராவி காட்டி, இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் மெதுவாக உள்நோக்கி அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் வட்டம் கொஞ்சம் நீளும். முன்பின்னாக அழுத்தினால் நீளம் கொஞ்சம் வட்டமாகும். ‘கொஞ்சம்’ என்பதைக் கவனியுங்கள். இதற்குமேல் வேண்டுமென்றால் வேறு தொப்பிதான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது

விளிம்பை முன்னும் பின்னும் இரு கைகளால் பிடித்து, முன்பக்கத்தை முதலில் நெற்றியில் வைத்து, பிறகு பின்பக்கத்தை இறக்குங்கள். புருவத்துக்கு மேலே ஒரு விரலகலம், காதுக்கு மேலே அதே அளவு. காதைத் தொப்பி மடக்குகிறது என்றால் பெரியது.

இப்போது ஒரு விரலை உள்பட்டைக்கும் நெற்றிக்கும் நடுவில் விடுங்கள். லேசான எதிர்ப்போடு போக வேண்டும். இரண்டு விரல் போனால் தளர்வு, ஒன்றுமே போகாவிட்டால் இறுக்கம். அடுத்து, குனிந்து செருப்பைப் பாருங்கள். பிறகு தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். தொப்பி விழாமல், உங்களோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். கண்ணாடிக் கால்கள் காதுக்கு மேலே உள்பட்டையில் முட்டிக்கொள்ளும், இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடம் வலிக்கும்.

போட்டவுடன் கழற்ற வேண்டாம். பத்து நிமிடம் தலையிலேயே வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். மெல்லிய கோடு இருந்தால் சரி. சிவந்த பள்ளம் விழுந்திருந்தால் இறுக்கம். அகல விளிம்பை விரும்புபவர்கள் நாற்காலியில் சாய்ந்தும் பார்க்க வேண்டும். காரில் பின்விளிம்பு தலைசாய்ப்பானில் இடித்து ஒவ்வொரு முறையும் தொப்பியை மூக்குக்குத் தள்ளும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

தளர்வையும் இறுக்கத்தையும் சரிசெய்வது

தளர்வுக்கு மருந்து எளிது. ஒருபக்கம் பசையுள்ள மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை, தொப்பிக்கென்றே கிடைக்கும். உள்பட்டை கீழ் ஓரத்தில் மட்டும்தான் தைக்கப்பட்டிருக்கும், மேல் ஓரம் திறந்தே இருக்கும். விரலால் அந்த மேல் ஓரத்தைப் பிடித்து வெளியே கவிழ்த்தால் பட்டை பை மாதிரித் திரும்பிக்கொள்ளும். பத்து செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே, கூட்டின் பக்கமாக ஒட்டுங்கள். தோலில் ஒட்டக் கூடாது. பிறகு எடுக்கும்போது தோலின் பின்புறம் பிய்ந்து வரும். உள்பட்டையைத் திரும்ப மடித்துப் போட்டுப் பாருங்கள். நெற்றி நடுவில் ஒட்டுவதைத் தவிர்ப்பது நல்லது, அழுத்தம் முதலில் தெரிவது அங்கேதான். போதாவிட்டால் இன்னொரு துண்டு. முதலிலேயே சுற்றிலும் ஒட்டிவிட்டு இறுக்குகிறதே என்று பிய்க்காதீர்கள். அவசரத்துக்கு வெள்ளைக் காகிதத்தை நீளவாட்டில் மடித்துச் செருகலாம். செய்தித்தாள் வேண்டாம், வியர்வையில் மை இறங்கும்.

இறுக்கத்துக்குத் தொப்பி விரிப்பான் என்று ஒன்று உண்டு. அரை அரையாகப் பிளந்த மரக்கட்டை, நடுவில் திருகு. உள்பட்டையை ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, கட்டையை உள்ளே வைத்துத் திருகி, கைக்கு நல்ல எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட வேண்டும். அரை அளவு கிடைத்தால் லாபம். ஓலைத் தொப்பியில் இதை முயலாதீர்கள், இழை முறியும். கேப் வகைகளில் பின்னால் பட்டனோ பெல்ட்டோ இருப்பவை தாமாகவே சரியாகிவிடும். மூடிய பின்புறத்தோடு எண் அளவில் வருபவற்றை மட்டும் மேலே சொன்னபடி அளந்து வாங்குங்கள்.

எந்தப் பொருள்?

ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. மயிர் இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்துத் தேய்க்கத் தேய்க்க அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாளாக இறுகும். ஃபெல்ட்டைப் பற்றிய எல்லா எச்சரிக்கைகளுக்கும் வேர் இதுதான்: சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மறுபடி இறுகத் தொடங்கும், தொப்பி சுருங்கும். ஆட்டு மயிரால் ஆனது கம்பளி ஃபெல்ட், விலை குறைவு, நனைந்தால் துவளும். முயல், பீவர் போன்றவற்றின் அடிமயிரால் ஆனது இன்னும் மெல்லியது, எடை குறைவு, வடிவத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மழையைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. தொப்பியின் உள்ளே ஃபெல்ட்டின் தரத்தைக் குறிக்க 5எக்ஸ், 10எக்ஸ் என்று முத்திரை பார்ப்பீர்கள். ஒரே கம்பெனியின் இரு தொப்பிகளை ஒப்பிட அது உதவும். கம்பெனிகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லாததால் வேறு வேறு கம்பெனி எக்ஸ்களை எண்ணிப் பார்த்துப் பயனில்லை.

பழம்பொருள் மோகம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மயிர் நன்றாக இறுகுவதற்காக முன்பு பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அந்தப் புகையில் வேலை செய்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்காவில் அது நின்றது 1941-ல்தான். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தொப்பிகளில் இன்றும் பாதரசம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. மிகப் பழைய ஃபெல்ட் தொப்பி கைக்கு வந்தால் அலமாரியில் வைத்து ரசியுங்கள். நீராவி காட்டிச் சீர்செய்யும் வேலை மட்டும் வேண்டாம்.

ஓலைத் தொப்பிகளில் பேர் பெற்றது பனாமா. அது உருவாவது ஈக்வடாரில், டோக்கியா என்ற செடியின் இளம் ஓலையிலிருந்து. கப்பல்கள் பனாமா வழியாகப் போனதால் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. அந்த நெசவை யுனெஸ்கோ 2012-ல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நல்ல பனாமாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வரிசைகள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் ஓடும். விலை மலிவாக, பார்வைக்கு அதே மாதிரி இருப்பவற்றில் பல முறுக்கிய காகிதம். போட்டுக்கொள்ள ஒன்றும் குறையில்லை, ஒரு நல்ல மழையோடு முடிந்துவிடும். லேபிளில் ‘பேப்பர்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

பருத்தி, லினன், பாலியெஸ்டர் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. துவைக்கலாம், மடிக்கலாம், வியர்க்கிற வேலைக்கு இவைதான். முதல் தொப்பி என்றால் இதில் ஒன்றை எடுத்து ஒரு பருவம் போட்டுப் பழகிய பிறகு ஃபெல்ட்டுக்கோ பனாமாவுக்கோ பணம் போடுங்கள் என்பேன்.

இப்போது கண்ணாடி

முழு ஆளும் தெரிகிற கண்ணாடியாக இருக்கட்டும். முகத்தை மட்டும் பார்த்துத் தொப்பி வாங்குவது மேல்சட்டையைக் காலரை மட்டும் பார்த்து வாங்குவது மாதிரி. ஒல்லியான தோளுக்கு மேலே மிக அகல விளிம்பு ஆளைக் குடைக்கம்பி ஆக்கும். நீண்ட முகத்துக்கு உயரமான கூடு முகத்தை இன்னும் நீட்டும். கூட்டின் அகலம் கன்ன எலும்புகளின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்தால் உறுத்தாது. இவ்வளவுதான் எனக்கு நம்பிக்கை உள்ள விதிகள். முகவடிவப் பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விளிம்பை முன்னால் ஒரு சிறிது தாழ்த்தினாலே பாதி முகங்களுக்குப் பாதி தொப்பிகள் எடுத்துவிடும்.

நிறத்தில், அடர் கறுப்பு ஒவ்வொரு தூசியையும் காட்டும், வெளிர் நிறம் வியர்வையைக் காட்டும். நடுத்தரச் சாம்பலும் பழுப்பும் மன்னிக்கும் குணம் உள்ளவை.

கழற்றிய பிறகு

ஃபெடோரா மாதிரித் தொப்பிகளில் கூட்டின் முன்பக்கம் இரு புறமும் குழிந்திருக்கும். பிடிப்பதற்கென்றே செய்த மாதிரி விரல்கள் அங்கேதான் போகும். அங்கே பிடித்தே கழற்றிவந்தால் ஃபெல்ட்டில் அந்த இடம் தேய்ந்து ஓட்டை விழும், ஓலையில் இழை முறிந்து பிளக்கும். முறிந்த ஓலை சேராது. எப்போதும் விளிம்பைப் பிடியுங்கள், முடிந்தால் இரு கையாலும்.

மேசையில் வைக்கும்போது தலைகீழாக, கூட்டின் உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். விளிம்பு கீழே இருந்தால் தொப்பியின் எடை முழுக்க விளிம்பில் இறங்கி வளைவு தட்டையாகிவிடும். தலைகீழாக வைத்தால் உள்பட்டைக்கும் காற்றுப் படும். ஆணியில் மாட்டவே மாட்டாதீர்கள், உச்சியில் கொம்பு முளைத்த மாதிரி ஒரு புடைப்பு நிற்கும். மாட்டியே ஆக வேண்டுமென்றால் உருண்டையான பெரிய முனையுள்ள கொக்கி.

வெயிலில் நிறுத்திய கார்தான் தொப்பிகளின் சுடுகாடு. பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு மதியம் கிடந்தால் தோல் உள்பட்டை சுருங்கும், அதோடு தொப்பியும் சுருங்கும், ரிப்பன் வெளுக்கும். அடுப்பு, ஹீட்டர் அருகிலும் இதே கதை. சென்ற வருடம் சரியாக இருந்த தொப்பி இப்போது இறுக்குகிறது என்றால் தலை வளரவில்லை, உள்பட்டை சுருங்கியிருக்கிறது.

நனைந்தால்

ஃபெல்ட் நனைந்ததும் கை ஹேர் டிரையரைத் தேடும். அதைத் தொடாதீர்கள். தண்ணீரை உதறுங்கள். நனைந்த பரப்பைத் தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். குழிகள் அமுங்கியிருந்தால் ஈரத்தோடே விரலால் சரிசெய்துவிடலாம், ஈர ஃபெல்ட் சொன்னபடி கேட்கும். அடுத்து உள்பட்டையை முழுக்க வெளியே கவிழ்த்து, அந்தப் பட்டையின் மேலேயே தொப்பியை நிறுத்தி வையுங்கள். இப்போது விளிம்பு எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கும், தட்டையாகாது. காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு நாள். பட்டை காய்ந்ததும் உள்ளே மடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு பிரஷ் போடுங்கள். ஈரத்தில் பிரஷ் போட்டால் அழுக்கு உள்ளே இறங்கிவிடும்.

ஓலைத் தொப்பி நனைந்தால் துவண்டுபோகும். விளிம்பைக் கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து அப்படியே காயவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால் ஓலைக்கு அதிக வறட்சியும் ஆகாது. வறண்ட காலத்தில் இழை மொறுமொறுவென்று ஆகிவிடும். அவ்வப்போது சன்னமாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் நெகிழும். காகிதத் தொப்பிக்கு இதைச் செய்யாதீர்கள். பனாமாவைச் சுருட்டி வைக்கலாம் என்று சுருட்டிக் காட்டியே விற்பார்கள். மிக நுண்ணிய நெசவு அதைத் தாங்கலாம், சாதாரண நெசவு மடிப்பில் முறியும். சுருட்டியபடியே மாதக்கணக்கில் வைப்பது எதற்கும் நல்லதல்ல.

அழுக்கும் கறையும்

மென்மையான குதிரைமயிர் பிரஷ் ஒன்று, அடர் நிறத் தொப்பிக்கு. வெளிர் நிறத்துக்குத் தனியாக இன்னொன்று. ஒரே பிரஷை இரண்டுக்கும் போட்டால் கறுப்புத் தூள் வெள்ளைத் தொப்பியில் ஏறும். ஃபெல்ட்டில் இழை படிந்திருக்கும் திசையில்தான் தேய்க்க வேண்டும். பொதுவாக அது மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வாரம் ஒருமுறை இதைச் செய்தால் வேறு சுத்தமே அநேகமாக வேண்டியிருக்காது.

கறைகளில் மோசமானது வெளியிலிருந்து வருவதில்லை. தலை எண்ணெயும் வியர்வையும் உள்பட்டை வழியே ஊறி ரிப்பனுக்கு மேலே கறையாக எட்டிப் பார்க்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழுக்கப் போகாது. ஆகவே நீண்ட நேரம் போட்ட நாளில் உள்பட்டையைக் கவிழ்த்து, பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மடித்துவிடுங்கள். தலையில் எண்ணெய் தடவிய நாளில் வேறு தொப்பி. விளிம்பில் புதிதாக எண்ணெய்க் கறை பட்டால் சோளமாவையோ டால்கம் பவுடரையோ தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, பிரஷால் தட்டிவிடுங்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடி. அடர் நிறத்தில் வெள்ளைத் தூள் தங்கலாம் என்பதால் மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள்.

பருத்தி கேப்பை வாஷிங் மெஷினில் போடுவது பலர் பழக்கம். சுழற்சியில் முன்விளிம்பு வளைந்துவிடும். பழைய கேப்களில் விளிம்புக்குள் அட்டை இருக்கும், அது நனைந்தால் கூழ். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, உள்பட்டையைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, பிழியாமல் அலசி, தலை அளவுள்ள கவிழ்த்த கிண்ணத்தின் மேல் காயவையுங்கள்.

தொப்பி நசுங்கி விழுந்த பள்ளத்தை எடுக்கவும் வளைந்த விளிம்பை நிமிர்த்தவும் நீராவி போதும். கொதிக்கும் கெட்டிலின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்த இடத்தில் மட்டும் சில நொடிகள் காட்டி, உள்ளிருந்து விரலால் தள்ளி, ஆறும்வரை பிடித்திருங்கள். விரலை நீராவிக்குள் விடாதீர்கள், வெந்நீரைவிட மோசமாகச் சுடும்.

எடுத்துவைப்பது

பருவம் முடிந்து ஃபெல்ட்டை உள்ளே வைக்குமுன் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். துணிப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் மயிரையும்தான், வியர்வையும் எண்ணெயும் ஊறிய இடத்தை விரும்பித் தின்னும். கூட்டுக்குள் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் தளர்வாக அடைத்து, விளிம்பு தரையில் அழுந்தாதபடி பெட்டியில் தலைகீழாக வையுங்கள். பெட்டி விளிம்பைவிட அகலமாக இருக்கட்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பதன் குழிவுகள் மாறிப்போகும். நாப்தலின் உருண்டை பூச்சியைத் தடுக்கும்தான், ஆனால் அந்த நாற்றம் தலையில் வந்து உட்காரும். சுத்தமாக வைத்து இடையில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அதைவிடத் தேவலை.

தொப்பி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டியவை சில உண்டு. உள்பட்டை விரிசல் விட்டால் புதியது தைக்கலாம். ரிப்பன் மாற்றலாம். ஃபெல்ட் முழுக்க வடிவம் இழந்தால் மர அச்சில் ஏற்றி மறுபடி வார்த்துத் தருவார்கள். நல்ல மயிர் ஃபெல்ட்டுக்கு அந்தச் செலவு தகும், மலிவுக் கம்பளிக்குத் தகாது. பூச்சி அரித்த ஓட்டையையும் முன்குழிவில் பிளந்த ஓலையையும் அவர்களாலும் புதிதுபோல் ஆக்க முடியாது. அப்படிப்பட்டவற்றைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.